ஐந்தடி தூரத்தில் ஓரங்குலப் பலகை

“ஏர்கன் ஒன்று. அடிக்கட்டையில் வெடிப்பு, செம்புக் கம்பியால் கட்டப்பட்டுள்ளது. பலகை ஒன்று, கனம் ஓரங்குலம். தூரம் ஐந்தடி. சுட்டவை பத்து. துளைத்து மறுபக்கம் வந்தவை: இல்லை.”

போலீஸ் ஸ்டேஷனில் சாட்சிகள் முன்னால் எழுதிய மகஜரின் கார்பன் பிரதி இது. 1984, ஜூன் மாதம். நாளைக் குறித்த இடத்தைப் பூச்சி அரித்துவிட்டது. என் டைரியில் ‘செவ்வாய், காலையிலிருந்து தூறல்’ என்று மட்டும் இருக்கிறது. சாட்சிகளில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது.

அப்போது சேலத்துக்கு மேலே மலையில், மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கும் கடிதமும் எழுதுகிற ரைட்டராக இருந்தேன். எஸ்டேட்டுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் ஓர் அம்மாளின் மூன்று ஏக்கர் கிடந்தது. பேரி மரங்கள், ஓரத்தில் கொஞ்சம் காபி. லாரி ஓட்டிக்கொண்டிருந்த அவர் கணவர் இறந்து நாலு வருஷம். உயிரோடிருந்தபோது அவர் சேலத்தில் வாங்கிய ஏர்கன்னை வைத்துத்தான் அந்த அம்மாள் குரங்கு விரட்டி வந்தார். எங்கள் மேனேஜர் அந்த நிலத்தின் வழியாக ஜீப் பாதை விட இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அவர் முடியாது என்றார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஜீப்பின் முன் கண்ணாடியில் பட்டாணி அளவு ஓட்டை. அதைச் சுற்றிக் கீறல் ஓடியிருந்தது. அந்த அம்மாள்தான் சுட்டார் என்று மேனேஜர் சொல்லச் சொல்லப் புகாரை எழுதினேன். நான் ‘ஏர்கன்’ என்று எழுதியிருந்ததை அடித்து, தன் பேனாவால் ‘லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி’ என்று எழுதினார். எனக்குச் சந்தேகம் தொடங்கியது அங்கேதான். அவர் சாப்பிடப் போன நேரத்தில் ஜீப்புக்குள் தேடினேன். சீட்டிலும் குண்டு இல்லை, மிதியடியிலும் இல்லை. முன்னால் போகிற லாரியின் சக்கரத்தில் தெறித்த ஜல்லியும் அப்படி ஓட்டை போடும்.

ஆனால் அந்த அம்மாளையும் நான் முழுக்க நம்பவில்லை. முந்தின வாரம்தான் மளிகைக் கடையில், “இன்னொருக்கா பாதைன்னு வந்தா வாயில பேச மாட்டேன்” என்று அவர் சொன்னதைக் கேட்டிருந்தேன்.

மறுநாள் மேனேஜரையும் என்னையும் அந்த அம்மாளையும் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். சப்-இன்ஸ்பெக்டர் மலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மேஜைமேல் அந்த அம்மாள் கொண்டுவந்த ஏர்கன் கிடந்தது.

“லைசென்ஸ் எங்கம்மா?”

“அதுக்கு வேண்டியதில்லைங்கய்யா. கடைக்காரரு எழுதிக் குடுத்திருக்காரு பாருங்க.”

“கடைக்காரன் எழுதினா சட்டமா? நாளைக்கு நான் எழுதித் தரேன், பீரங்கி வச்சுக்கறியா?”

“பீரங்கிக்கு எங்கூட்ல எடமில்லைங்க.”

கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்கத் தலையைத் திருப்பிக்கொண்டார். சப்-இன்ஸ்பெக்டர் அட்டை கிழிந்த விதிப் புத்தகத்தை என்னிடம் தள்ளினார். இங்கிலீஷ் படிக்கிறவன் என்று என்னைப் பற்றி யாரோ சொல்லியிருந்தார்கள். எல்லா ஏர்கன்னுக்கும் லைசென்ஸ் தேவையில்லை. ஐந்தடி தூரத்தில் வைத்த ஓரங்குல மென்மரப் பலகையைக் குண்டு துளைத்துக்கொண்டு போனால்தான் அது ஆயுதக் கணக்கில் வரும் என்று நான் புரிந்துகொண்டதைச் சொன்னேன். துளைத்தால் அந்த அம்மாள்மேல் வழக்கு. வழக்கானால் பேரி பறிக்கிற மாதத்தில் அவர் ஜெயிலில் இருப்பார், தோட்டத்துக்கு ஆள் கிடையாது.

“அப்ப ஒரு பலகை கொண்டாங்க” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“எங்க தச்சரை விட்டுக் கொண்டுவரச் சொல்றேன்” என்றார் மேனேஜர், உடனே.

அந்த ‘உடனே’ எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் பலகை வந்தது. கனத்தை அளந்தேன், சரியாக ஓரங்குலம். கையில் தூக்கியபோது தக்கைபோல இருந்தது. நகத்தை வைத்தேன், நகம் இறங்கியது. காபிக்கு நிழலுக்கு வைக்கிற முள்முருங்கை. மலையில் எவரும் அதில் பலகை அறுப்பதில்லை. தச்சர் என் முகத்தைப் பார்க்காமல் பீடி பற்றவைத்தார்.

பலகையைச் சப்-இன்ஸ்பெக்டரிடம் நீட்டினேன். மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, இது முள்முருங்கைங்க. கம்பியிலே குத்தினாலே அந்தப் பக்கம் வந்துரும்.”

“மென்மரம்னுதானே நீர் படிச்சீர்?” என்றார் மேனேஜர்.

“பெட்டி செய்யற மரத்தைச் சொல்றாங்க சார். நம்ம ஊர்லன்னா சில்வர் ஓக்தான் அதுக்குக் கிட்ட வரும்.”

சப்-இன்ஸ்பெக்டர் பலகையை வாங்கித் தன் நகத்தையும் வைத்துப் பார்த்தார். பிறகு ஸ்டேஷன் பின்னால் கிடந்த உடைந்த பெஞ்சிலிருந்து சில்வர் ஓக் சட்டம் ஒன்றைப் பெயர்த்தெடுக்கச் சொன்னார். அதையும் அளந்தேன். ஓரங்குலத்துக்கு நூலளவு கூடுதல். அதை நான் சொல்லவில்லை. கான்ஸ்டபிள் பத்து முறை சுட்டார். ஒவ்வொரு முறையும் ‘டப்’ என்று மெத்தையில் அடித்ததுபோலச் சத்தம். ஆறு குண்டு பலகையில் தைத்து நின்றது. நாலு கீழே விழுந்தது.

“இதுலயா ஜீப் கண்ணாடி போச்சு?” என்று சப்-இன்ஸ்பெக்டர் மேனேஜரைக் கேட்டார். ஏர்கன்னை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த வாரம் என்னை ஆபீசிலிருந்து காபிப் பழம் அரைக்கிற ஷெட்டுக்கு மாற்றினார்கள். காரணம் கேட்கவில்லை, எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் கடைசியில் வாழவந்தி பஸ்ஸுக்குப் போகிற வழியில் அந்த அம்மாளின் தோட்டத்தைக் கடந்தேன். கூடைகள் நிறையப் பேரி பறித்து வைத்திருந்தார்.

“ஏனுங்க ரைட்டரே, வாங்க. நாலு காய் எடுத்துக்கங்க” என்று கூப்பிட்டவர், பேச்சோடு பேச்சாகத் துப்பாக்கியை மடக்கிக் குண்டு போட்டுக் கிளைக்குமேல் ஒரு முறை சுட்டார். எதிர்ச் சரிவில் எதிரொலி கேட்டது. குரங்குகள் இருந்த இடம் தெரியாமல் போயின. நான் பின்னால் நகர்ந்துவிட்டேன்.

“அன்னைக்கு இவ்வளவு சத்தம் வரலீங்களே?”

“உள்ளார ஒரு தோல் வாசருங்க. அது தேஞ்சா காத்து ஒழுகிப் போயிரும், வேகமே இருக்காது. புதுசு போட்டாச்சு. இப்ப நொம்ப நல்லா இருக்குது.”

“எப்பப் போட்டீங்க?”

அவர் கூடையில் காய் அடுக்கிக்கொண்டிருந்தார். “ஸ்டேசன்ல இருந்து வந்தப்புறந்தானுங்க.”

“அதுக்கு முந்தி தேஞ்ச வாசரோடயேதான் குரங்கு விரட்டுனீங்களா?”

“பஸ்ஸு வந்துரும் பாருங்க” என்றார்.

அன்று ராத்திரியே டைரியில் எழுதினேன். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும்முன் அவர் நல்ல வாஷரைக் கழற்றித் தேய்ந்ததை மாட்டினாரா, அல்லது அது தானாகத் தேய்ந்திருந்ததா, தெரியவில்லை. பிற்பாடு சேலத்துக் கடையில் கேட்டேன். வாஷர் விற்றதற்கெல்லாம் பில் போடுவதில்லை என்றார்கள். அவர் சொன்னதைத் தவிர வேறு ஆதாரம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. சோதனை நடந்த நாளில் அந்த ஏர்கன்னுக்குள் எந்த வாஷர் இருந்தது என்பது உறுதிசெய்யப்படவில்லை.