சின்யோரா அசுந்தா எடுத்த போன்

சின்யோரா அசுந்தா போய்விட்டார். காலையில் அவரின் மகள் லீனா போன் எடுத்துச் சொன்னாள்... நேர்சிங் ஹோமில், நித்திரையிலேயே.

நான் சொல்லச் சொல்லப் பேத்தி பேஸ்புக்கில் ரைப் பண்ணுகிறாள். எழுத்தில் பிழை என்றால் அவளைப் பிடியுங்கள். சொன்னதில் பிழை என்றால் என்னிடம் வாருங்கள்.

தொண்ணூறுகளில் ரொறன்ரோ வந்து நான் பார்த்த முதல் வேலை அது. டவுன்ஸ்வியூவில் அவரின் இத்தாலிக்கார வீடு; சின்யோரா என்றால் அவர்கள் பாஷையில் மிஸிஸ். அங்கேயே தங்கி லீனாவையும் அவளின் தங்கச்சியையும் வளர்க்க வேண்டும், வீடு கூட்ட வேண்டும், சமையலுக்குக் கை கொடுக்க வேண்டும். ஞாயிறு மட்டும் லீவு.

இரண்டு வருஷம் வீட்டோடு நின்று வேலை செய்தால்தான் கனடாவில் நிரந்தரமாய் இருக்கப் பேப்பர் கிடைக்கும். பேப்பர் கிடைத்தால் இலங்கையில் விட்டு வந்த மகனையும் மகளையும் கூப்பிடலாம். அதற்காகத்தான் எல்லாம்.

அந்த வீட்டில் இரண்டு குசினி. மேல் குசினி சும்மா மினுங்கிக்கொண்டு இருக்கும், ஒரு நாளும் அடுப்பு மூட்டினதில்லை. சமையல் முழுக்க பேஸ்மென்டில். என் கட்டிலும் அங்கேதான், தக்காளிச் சோஸ் போத்தல்களுக்குப் பக்கத்தில். போன் மட்டும் மேல் குசினிச் சுவரில்.

முதல் குளிருக்கு முன்னம் முற்றத்து அத்திமரத்தை வளைத்துக் கட்டி, குழி வெட்டி, மண்ணைப் போட்டு மூடினார்கள். உயிர் மரத்தைப் புதைக்கிறார்களே என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பனி போன பிறகு தோண்டி நிமிர்த்தினார்கள்... இலை விட்டது. சின்யோரா என் தோளில் தட்டிச் சிரித்தார். நல்ல சிரிப்பு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்காபரோவில் என் மச்சாள் இருந்தா, என் புருஷனின் தங்கச்சி. வேலை நேரம் பார்த்துத்தான் போன் எடுப்பா. "இத்தாலிக்காரற்ரை பிள்ளையளுக்குக் குண்டி கழுவவோ மச்சாள் கனடா வந்தனீங்கள்?"

ஒருநாள் இல்லை, ஒவ்வொரு நாளும். அவவும் இதை வாசிப்பா. வாசிக்கட்டும்.

அவவின் குரல் கேட்டாலே எனக்குப் பத்தும். அதனால் சின்யோராவுக்கு ஒரு தமிழ்ச் சொல் பழக்கினேன். யார் தமிழில் கதைத்தாலும் "நாளைக்கு" என்று சொல்லிப் போனை வைத்துவிடு என்றேன். பிள்ளைகளும் சேர்ந்து பழகினார்கள். மூன்று பேரும் நாளைக்கு, நாளைக்கு என்று வீடு முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மகன் சுதன் அப்போது கொழும்பில் ஒரு லொட்ஜில் நின்றான். பத்தொன்பது வயது. ஞாயிறுகளில் மச்சாள் வீட்டு நம்பருக்கு எடுப்பான், நான் இரண்டு பஸ் மாறிப் போய்க் காத்திருப்பேன். சின்யோரா வீட்டு நம்பரையும் கடிதத்தில் எழுதியிருந்தேன்... அந்தரம் அவசரம் என்றால் மட்டும் எடு என்று.

சோஸ் போடுகிற நாள். அவர்களுக்குத் திருவிழா மாதிரி. சனிக்கிழமை காலை, கராஜ் முழுக்கத் தக்காளிப் பெட்டி, சொந்தக்காரர் எல்லோரும் வந்து நின்றார்கள். என் இரண்டு கையும் முழங்கை வரை சிவப்பு.

மேலே போன் அடித்தது. அந்தக் கையோடு மேல் குசினிக்குள் கால் வைக்கக் கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம். சின்யோரா கையைத் துடைத்துக்கொண்டு போனார்.

திரும்பி வந்து தன் உடைந்த இங்கிலீஷில் பெருமையாகச் சொன்னார். "ஒரு பாய். 'அம்மா' சே. ஐ சே 'நாளைக்கு'. குட்?"

ஓடினேன். கழுவாத கையோடு. போனுக்குள் ஊ என்ற சத்தம்தான் இருந்தது.

அடுத்த நாள் ஞாயிறு, மச்சாள் வீட்டுக்கு முதல் பஸ்ஸோடு போய், போனுக்குப் பக்கத்தில் இருந்தேன். அது அடிக்கவில்லை. மச்சாள் தேத்தண்ணி வைத்தா. அது ஆறிப்போய் அப்படியே இருந்தது.

பிறகுதான் தெரிந்தது... அந்த ஞாயிறு விடிய பொலிசும் ஆமியும் லொட்ஜுக்கு வந்து தமிழ்ப் பெடியளை ஏற்றிக்கொண்டு போனார்களாம். என் பிள்ளையையும். இன்றைக்கு வரை ஒரு தகவலும் இல்லை.

சனிக்கிழமை என்ன சொல்ல எடுத்தானோ.

அடுத்த கிழமையே பேஸ்மென்டில், அடுப்புக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு போன் பூட்டுவித்தார் சின்யோரா. மகளையாவது கூப்பிட வேண்டுமே என்று மிச்சக் காலத்தையும் அங்கேயே கழித்தேன். வேலைக் கதை தவிர வேறு கதை இல்லை.

விட்டு வந்த பிறகு ஒவ்வொரு வருஷமும் லீனாவிடம் ஒரு போத்தல் சோஸ் கொடுத்துவிடுவார். ஒன்றையும் திறக்கவில்லை. எறியவும் இல்லை.

ஆனால் வருஷத்துக்கு ஒருக்கா அவரைப் பார்க்கப் போவேன். ஒரே ஒரு கேள்விதான். அவன் எப்படிச் சொன்னான்?

சின்யோரா கண்ணை மூடிக்கொண்டு "அம்மா" என்று சொல்லிக் காட்டுவார். கொஞ்சம் இழுத்து... கடைசியில் குரலை இறக்கி. அவன் அப்படித்தான் கூப்பிடுவான். சின்யோராவுக்கு அதை நான் பழக்கிக் கொடுக்கவில்லை.

கேட்டதும் எழும்பி பஸ் ஏறிவிடுவேன். அவரின் கோப்பியைக் குடித்ததில்லை.

கடைசி இரண்டு வருஷம் அவருக்கு ஞாபகம் போய்விட்டது. கேட்டேன். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நானே சொல்லிக் காட்டினேன்... எனக்கு அது வரவில்லை.

வியாழக்கிழமை உடலைப் பார்வைக்கு வைக்கிறார்களாம். போவேன்.

அவரை மன்னித்துவிடுங்கோ அன்ரி என்று ஒருவரும் கமெண்டில் எழுத வேண்டாம். நான் மன்னிக்கவில்லை.

போ சின்யோரா. என் பிள்ளையை அங்கே காண மாட்டாய்... அப்படிக் கண்டால், நாளைக்கு என்று சொல்லிவிடாதே.