மூணு கோட்டு பெயிண்டும் ஒரு தூக்கு தயிரும்

வண்டி எலக்ட்ரீஷியன் வேலையில ஒரு சௌகரியம் உண்டு: வண்டியில எது கெட்டாலும் பழி நமக்குத்தான், டயர் பஞ்சரானாகூட "நேத்து எலக்ட்ரீஷியன் கை வச்சான்"னுவாங்க. எர்ணாவூர்ல ஷெட்டு போட்டு இத்தனை வருஷமா அந்தப் பேச்சைக் கேட்டுக்கினுதான் கீறேன். ஒயரைப் பிடிச்சுப் பொழைக்கிற சக பாவிகளே, உங்க தலையிலயும் இப்படி ஒரு அண்ணாச்சி வந்து விடிஞ்சிருப்பாரு.

ஒண்ணு போதாதா?

செல்லதுரை அண்ணாச்சிக்கு ராயபுரத்துல மொத்த மளிகை. சொந்த ஊரு தூத்துக்குடிப் பக்கம். அறுபது வயசுல மனுஷனுக்கு லடாக் போற ஆசை வந்துடுச்சு. மணலு, சேறு, மலை எதுல விட்டாலும் ஏறுற ஃபோர் வீல் பிக்கப்பு ஒண்ணை வாங்கி, அவரு சம்சாரம் ஜெயக்கனி அக்காவையும் ஏத்திக்கினு நேரா நம்ம ஷெட்டுக்கு வந்துட்டாரு. பின்னாடி ஒரு குட்டி ஃபிரிட்ஜ். இன்ஜின் நின்னாலும் ஃபிரிட்ஜ் ஓடணும், காலையில செல்ஃப் அடிச்சா வண்டியும் கிளம்பணும். ஒரு பேட்டரி ரெண்டுக்கும் தாங்காது, ரெண்டாவது ஒண்ணு வைக்கணும்.

என் வாய் சும்மா இருக்குமா? "பீர் வைக்கவா அண்ணாச்சி?"ன்னு கேட்டுட்டேன். அவரு சிரிச்சாரு. அக்கா சிரிக்கல. "இன்சுலின் தம்பி. இவுகளுக்கு ஒரு நாளைக்கு மூணு ஊசி. அந்தப் பெட்டி நின்னா இவுக லடாக் போக மாட்டாவ, நேரா மேல போயிருவாவ."

அம்மண இரும்பு

அதுக்கப்புறம் ஜோக்கடிக்கல. ஒழுங்கா வேலை பார்த்தேன். இன்ஜின் ஓடும்போது ரெண்டு பேட்டரிக்கும் சார்ஜ் ஏத்திட்டு, நின்னதும் ரெண்டையும் பிரிச்சு விடுற டப்பா ஒண்ணு இருக்கு. ஒரே வூட்ல ரெண்டு குடித்தனம், மீட்டர் தனித்தனி, அந்தக் கணக்குதான். அதை மாட்டி, தடி ஒயர் இழுத்து, ஃபியூஸ் போட்டு, சேஸிஸ்ல, அதான் வண்டி அடிச்சட்டத்துல, ஒரு இடத்தைப் பளபளன்னு சுரண்டி, கரண்டு திரும்பிப் போற எர்த்து ஒயரை வெறும் இரும்புல படுற மாதிரி போல்ட்டு போட்டு முறுக்கினேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணா டப்பாவுல 'டக்'னு சத்தம், பச்சை லைட்டு. மீட்டர் வச்சுப் பார்த்தேன், ரெண்டாவது பேட்டரிக்கும் ஜம்முனு சார்ஜ் ஏறுது. நிம்மதியா சாப்பிடப் போனேன்.

ஷெட்டுல பாதி தாஸோடது. டிங்கரிங், பெயிண்டிங் ரெண்டும் அவன்தான். எங்க பக்கத்துல கடல் காத்துக்கு இரும்பு ஒரே ராத்திரியில துரு ஏறிப் பழுத்துடும். அதனால வெறும் இரும்பைப் பார்த்தா தாஸுக்கு ஆகாது. துரு பிடிக்காத கறுப்பு பெயிண்டை எடுத்துக்கினு வந்துடுவான். ஒரு தபா என் ஸ்பேனருக்கே அடிச்சுட்டான். நான் திரும்பி வந்தா வண்டி அடிப்பக்கம் பூரா கறுப்பா மின்னுது. நெஞ்சை நிமித்திக்கினு நிக்கிறான். "இன்னா நைனா, இரும்பை அம்மணமா வுட்டுட்டு சோத்துக்குப் போயிட்ட? மூணு கோட்டு வுட்டுக்கீறேன், கடல் காத்து இன்னா கிழிக்குதுன்னு பாப்போம்!"

வெள்ளோட்டம்

அதுக்கு நான் டீ வேற வாங்கிக் குடுத்தேன், பாருங்க. திரும்ப ஸ்டார்ட் பண்ணேன். 'டக்'. பச்சை லைட்டு. இன்னொரு தபா மீட்டர் வைக்கத் தோணல.

வண்டி போய் மூணாம் நாள், எண்ணூர் முகத்துவாரத்து மணல்ல ஒரு ஓட்டு ஓட்டிப் பார்க்கலாம்னு அண்ணாச்சியும் அக்காவும் கிளம்பினாங்க. மணல்ல வண்டி சிங்கம் மாதிரி ஏறிடுச்சாம். திரும்பும்போது, துறைமுகத்துக்குள்ள போக மணிக்கணக்கா நிக்கிற கன்டெய்னர் டிரெய்லர் லைன்ல மாட்டிக்கிச்சு. அந்த லைன் உங்களுக்குத் தெரியும், தெரியாதவங்க குடுத்து வச்சவங்க. உச்சி வெயில்ல அண்ணாச்சி போன். "தம்பி, பெட்டி நின்னுட்டு. இன்ஜினை ஓட்டிப் பார்த்தும் ஒண்ணும் நடக்கல." உள்ள இருக்கிறது இன்சுலினாச்சே! தாஸைப் பின்னாடி ஏத்திக்கினு, டிரெய்லருங்க சந்துல ஸ்கூட்டரை நுழைச்சு நுழைச்சுப் போனேன்.

நான் வண்டிக்கு அடியில பூந்தப்ப, பக்கத்து டிரெய்லர் டிரைவர் இறங்கி வந்து அண்ணாச்சிகிட்ட எங்க போறீங்கன்னு விசாரிச்சாரு. லடாக்குன்னாரு அண்ணாச்சி. டிரைவர் முன்னாடியும் பின்னாடியும் லைனை ஒரு தபா பார்த்தாரு. "போங்க சார், நல்லா போங்க. எனக்கு முன்னாடி நீங்க லடாக் போய்ச் சேர்ந்துடுவீங்க."

சுரண்டினேன்

மீட்டர் வச்சேன். முதல் பேட்டரி நல்லா கீது. ரெண்டாவதுல உசுரே இல்ல. ஃபிரிட்ஜ் ஒயரு நேரா பேட்டரியில மாட்டினது, அதனால புது பேட்டரியில இருந்த சார்ஜ்லயே மூணு நாள் ஓடியிருக்கு, ஒரு சொட்டு திரும்ப ஏறல. எர்த்து போல்ட்டைக் கழட்டினேன். நான் பளபளன்னு சுரண்டின இடத்துல கன்னங்கரேல்னு மூணு கோட்டு! பெயிண்டுக்கு மேல எர்த்து பிடிச்சா கரண்டு எந்தப் பக்கம் போகும்? பச்சை லைட்டு முதல் பேட்டரியைப் பார்த்து எரியுறது, அதுக்கு இது எங்க தெரியும்?

"தாஸு, போல்ட்டைக் கழட்டினியாடா?"

"கழட்டாம எப்டி நைனா அடியில அடிக்கிறது? அடிச்சு, சூடு காத்துல காய வச்சு, நானே டைட்டும் பண்ணிக்கீறேன்!"

அவனை அடிக்கறதா, மீட்டர் வைக்காத என்னை அடிச்சுக்கறதா? உப்புத்தாளை எடுத்துச் சுரண்டி, திரும்ப முறுக்கினேன். சார்ஜ் ஏறுச்சு, ஃபிரிட்ஜ் உறும ஆரம்பிச்சுது. அண்ணாச்சி முகம் மட்டும் தெளியல. நான் அக்கா முன்னாடி போய் நின்னேன். கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. "அக்கா, மருந்து கெட்டிருந்தா சொல்லுங்க, புதுசு நான் வாங்கித் தரேன்"ன்னேன்.

அக்கா ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு தூக்கை எடுத்தாங்க. மோந்து பார்த்து மூஞ்சியைச் சுளிச்சாங்க. அண்ணாச்சிக்கே அப்பத்தான் விஷயம் தெரியும். "மருந்து வீட்டு ஃபிரிட்ஜுல பத்திரமா இருக்கு தம்பி. ஒங்க வேலைய நம்பி மொதல்ல தயிரை வைப்பனா, புருசனை வைப்பனா?"

மேலேர்ந்து ஒரு போன்

ஒரு வாரம் தயிரை வச்சுப் பார்த்து, புளிக்கலன்னு தெரிஞ்ச பிறகுதான் அக்கா மருந்தை வச்சாங்க, கிளம்பினாங்க. நடுவுல எத்தனையோ ஊரு வெயிலு, மருந்து ஜில்லுன்னே போய்ச் சேர்ந்துச்சு. லடாக்லேர்ந்து அக்கா போன் பண்ணாங்க, பல்லு தந்தியடிக்குது. "தம்பி, இங்க வெளியில பெட்டியை விடக் குளுரு. இப்ப மருந்து ஒறஞ்சு போகாம இருக்க என்ன மாட்டணும்?"

ஆக, ரெண்டு பேட்டரி, ஒரு டப்பா, மூணு கோட்டு பெயிண்டு எல்லாம் சேர்ந்து காப்பாத்தாத அண்ணாச்சியைக் காப்பாத்தினது, எங்க ரெண்டு பேரையும் துளிகூட நம்பாத அக்காதான்.