சத்தத்துக்கு முன்னே போகும் விரல்

ஆர்மோனியத்தில் இருப்பது மாதிரி ஒரு கட்டையை அழுத்துகிறார். ஒன்றுமில்லை. விரலை எடுக்கிறார். அதற்கப்புறம்தான், ஏதோ ஞாபகம் வந்தாற்போல, கம்ப்யூட்டர் ‘டும்’ என்கிறது. ஆரோக்கியசெல்வி திருப்தியாகத் தலையாட்டிவிட்டு மறுபடி அழுத்துகிறார். மறுபடி ஒன்றுமில்லை. பிறகு ‘டும்’.

“கம்ப்யூட்டரு யோசிக்குது சார். நாம அடிச்சது உள்ள போயி, அது எந்த டிரம்முன்னு தேடி எடுத்து, அப்பறம்தான் குடுக்கும். தாலுக்கா ஆபீஸ் மாதிரின்னு வெச்சிக்கங்களேன். ஆனா இது குடுத்துடும்” என்கிறார் என்னிடம்.

மரக்காணம் பஸ் நிறுத்தத்துக்கு எதிர் மாடியில் டைப்பிங்கும் கம்ப்யூட்டரும் சொல்லித்தருகிற கூடம். அங்கே ஆரோக்கியசெல்விதான் டீச்சர். உப்பளத்துக் காற்று கம்ப்யூட்டர்களைத் தினம் கொஞ்சம் தின்கிறது. காலையில் வந்ததும் பெட்டியைத் திறந்து, மெமரி அட்டையை உருவி, பிள்ளைகள் எழுத்தழிக்கிற ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்து மாட்டிவிட்டுத்தான் சிலுவை போட்டுக்கொள்கிறார். சாயங்காலம் பிள்ளைகள் போனதும் டிரம். வாழ்நாளில் ஒரு டிரம்மையும் அவர் குச்சியால் அடித்ததில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு, நிவாரணமாகக் குப்பங்களுக்கு என்னென்னவோ வந்தன. சித்திரை வெயிலில் கம்பளிச் சட்டைகள் வந்தன. நாய்க்குப் போடுகிற பிஸ்கட் வந்தது. அதோடு ஆர்மோனியம் போலக் கட்டைகள் வைத்த ஒரு கறுப்புப் பலகையும் வந்தது. எந்த தேசத்துப் புண்ணியவான் எதை நினைத்து அனுப்பினாரோ, தட்டினால் சத்தமே கிடையாது. பங்குச் சாமியார் தட்டினார், அவருக்குக் கோயில் வேலைகளில் துணையான உபதேசியார் தட்டினார். எலக்ட்ரீசியன் பக்கிரி கழற்றிப் பார்த்து, “உள்ள ஸ்பீக்கரே வெக்கல. நம்மள ஏமாத்திட்டானுங்க” என்று தீர்ப்புச் சொன்னார். செல்விதான் பின்பக்கம் ‘மிடி’ என்று போட்டிருந்த ஓட்டையைப் பார்த்தார். புதுச்சேரி முழுக்க அலைந்து ஒரு கம்பி வாங்கிவந்து, கம்ப்யூட்டரில் விளையாட்டுக் கைப்பிடி செருகுகிற இடத்தில் செருகினார். பலகை பேசாது, கம்ப்யூட்டரைப் பேசவைக்கும் என்பது அன்று தெரிந்தது. பக்கிரி மட்டும் இன்னும் நம்பவில்லை.

இப்போது ஒரு கட்டைக்கு ஒரு டிரம். கம்ப்யூட்டரில் இருந்த ஜால்ரா மாதிரித் தாளத்தட்டின் சத்தம் பிடிக்காமல், ஊறுகாய் பாட்டிலில் கல்லுப்பைப் போட்டுக் குலுக்கி, மைக்கில் பிடித்து, அதை ஒரு கட்டைக்குக் கொடுத்திருக்கிறார். “தூளுப்புல இது வராது சார்.” பிறகு சத்தங்களை அளவாகச் சேர்க்கிற கலவை வேலை. அது பஞ்சாயத்து நடத்துகிற மாதிரிதான். “ஒவ்வொருத்தரையும் தனியா கூப்ட்டு விசாரிக்கணும். எல்லாரையும் ஒண்ணா விட்டா எவன் கத்துறான்னே தெரியாது. இந்தப் பெரிய டிரம்மு வயசானவரு, நடுவுல உக்காரட்டும். இந்தச் சின்ன டிரம்மு, ஸ்நேரு, வாயாடி, கொஞ்சம் அடக்கி வைக்கணும். உப்பு பாட்டில் பொம்பளைங்க பக்கம்.” கோயிலில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் உட்காருவதுபோலவே டிரம்களையும் இடக்காதுக்கும் வலக்காதுக்கும் பிரித்து உட்காரவைத்திருக்கிறார். ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். பூசைக்கு வந்து தவறான பக்கம் உட்கார்ந்துவிட்டவன் போல இருந்தது.

தாமதத்துக்கும் வழி கண்டுபிடித்திருந்தார். “அடிக்கறது இப்ப, கேக்கறது அப்பறம். அதனால அப்பறத்துக்கு இப்பவே அடிச்சிடறேன்.” நான் இதைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னார். அதற்குமேல் கேட்க மரியாதை இடம் தரவில்லை. விஷயம் இதுதான்: சத்தம் சரியான இடத்தில் விழுவதற்காக, அவர் விரல் ஒரு கண்ணிமைப்பு முன்னதாகவே இறங்கிவிடும். தனி அறையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தாளம் அச்சு பிசகாது.

குழப்பம் கோயிலில் ஆரம்பித்தது. எக்கியார்குப்பம் போகிற சாலையில் இருக்கும் அந்தச் சின்ன மாதா கோயிலில், ஒலிபெருக்கிக் குழாய்கள் எல்லாம் வெளியே பார்த்துத்தான் கட்டப்பட்டிருக்கின்றன. பூசைப் பாட்டு கடலில் இருக்கிறவனுக்கும் கேட்க வேண்டுமாம். உள்ளே பாடுகிறவர்களுக்கு ஒன்றும் கேட்காது. ஆகவே பாடகர் குழு வருஷக்கணக்காகத் தபேலாக்காரரின் கையைப் பார்த்தே பாடிப் பழகிவிட்டது. அவர் சென்னைக்குப் போய்விட்டார். இப்போது செல்வி இரண்டு ஸ்பீக்கர்களை அவர்கள் காலடியிலேயே வைத்திருக்கிறார். இருந்தாலும் கண் கையை விடாது. விரல் இறங்கியதும் வாய் திறந்துவிடும். டிரம் பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும்.

“டிரம்மு லேட்டு” என்றார் பாட்டு மாஸ்டர் அந்தோணிசாமி.

“நீங்க முன்னாடி போறீங்க மாஸ்டர்.”

“இன்னா புள்ள பேசற,” என்றார் முத்தம்மாள். உப்பளத்தில் உப்பு வாருகிறவர், குழுவில் பெரிய குரல். “உன் கை எறங்குது, நாங்க வாயத் தொறக்கறோம். அப்பால சத்தம் வருது. நீ எங்களுக்கு முன்னாடியா, பின்னாடியா? அத மொதல்ல சொல்லு.”

“ரெண்டும்தான்க்கா.”

“அப்ப நாங்க எங்க இருக்கறோம்?”

பீடத்தைப் பார்த்துப் பாடுங்கள் என்றார் செல்வி. ஒரு வரி பார்த்தார்கள், அடுத்த வரியில் எல்லாக் கண்களும் செல்வியின் கைக்கே திரும்பிவிட்டன. முழுத் தாளத்தையும் முன்கூட்டியே கம்ப்யூட்டரில் பதித்துக்கொண்டு வந்து ஓடவிட்டார். மூச்சு வாங்க முத்தம்மாள் நின்ற இடத்தில் கம்ப்யூட்டர் நிற்கவில்லை. சண்டை கம்ப்யூட்டருக்கும் முத்தம்மாளுக்கும் என்றாகி, கம்ப்யூட்டர் தோற்றது.

மாஸ்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். “பெருவிழா பூசைல மொதல் பாட்டு சேந்து வரணும். வரலன்னா கிளியனூர் சரத்குமார் டிரம்செட்டோட ரெடியா இருக்கறாரு. அவருதான் இனிமே. நீ பொம்பளைங்களோட உக்காந்து பாடிக்கம்மா.” செல்விக்குப் பாட வராது. அது மாஸ்டருக்கும் தெரியும்.

பெருவிழா அன்று கம்ப்யூட்டர், கண்ணாடி டிவி மாதிரி மானிட்டர், பலகை எல்லாம் உப்பு மூட்டைகளுக்கு நடுவில் மினிவேனில் வந்து இறங்கின. சரத்குமார் கடைசி வரிசையில், கல்யாண பேண்டுக்காரர்களின் சிவப்புக் கோட்டோடு, குச்சிகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். பூசையின் முதல் பாட்டான வருகைப் பாட்டு ஆரம்பித்தது. விரல் இறங்கியது, குழு பாய்ந்தது, டிரம் தாமதமாக வந்து விழுந்தது. முதல் வரியிலேயே எல்லாரும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். மாஸ்டர் பின்பக்கம் திரும்பினார். சரத்குமார் பாதி எழுந்துவிட்டார்.

செல்வி தலையிலிருந்த முக்காட்டை ஒரே இழுப்பில் உருவி, முந்தானையைப் பலகைமேல் விரித்து, இரண்டு கைகளையும் அதற்கடியில் விட்டுக்கொண்டார்.

முக்காடிட்ட முன்வரிசைப் பெண்கள் அவருடைய வெறுந்தலையைப் பார்த்தார்கள். குழு துணியைப் பார்த்தது. பச்சைப் புடவையில் பெரிய பூக்கள், வேறொன்றும் இல்லை. முத்தம்மாள் திறந்த வாயோடு ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தார். இரண்டாவது வரியில் பெரிய டிரம்மும் முத்தம்மாளும் ஒன்றாக வந்தார்கள். மூன்றாவதில் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். மாஸ்டர் கையைத் தாழ்த்தி அசைத்ததில் சிவப்புக் கோட்டு உட்கார்ந்தது.

பீடத்துப் பக்கத்திலிருந்து உபதேசியார் வேகமாக நடந்து வந்தார். செல்விக்கு எதிரே நின்று, தலையை மூடிக்கொள் என்று சைகை காட்டுவதற்காகத் தன் தலையை நோக்கி விரலைத் தூக்கினார். அந்த விரல் பாதி வழி வருமுன்பே, துணிக்கடியில் கைகள் போய்க்கொண்டிருக்க, செல்வி மாட்டேனென்று தலையசைத்துவிட்டார்.