உங்களுக்கு இது வேண்டாம், சிஸ்டர்

என் அக்காவுக்கு வாய் நீளம். அந்த வாயை வைத்துத்தான் ஒன்பது வருடமாகக் கார் ஷோரூமில் குப்பை கொட்டுகிறாள். வாங்க வருகிறவர் கதவைத் தள்ளி உள்ளே நுழைவதற்குள், அவருக்கு எந்த மாடல் என்று முடிவு செய்துவிடுவாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

போன வருடம் மேனேஜர் ஒரு கெடு வைத்தார். வழிகாட்டும் மேப் காரிலேயே பொருத்தி வரும் உயர்ந்த மாடலில் மூன்று வண்டி அந்த மாதத்துக்குள் விற்க வேண்டும். இல்லாவிட்டால் அக்காவுக்குப் பின்கட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டர். மனிதர்களோடு பேசாமல் அட்டைப்பெட்டிகளோடு உட்காரச் சொன்னால் அவள் என்ன ஆவாள்?

இரண்டு விற்றாயிற்று. அடுத்ததாக ஒரு நர்ஸ் வந்தார். வீடு வீடாகப் போய், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் புண் கட்டி ஊசி போடுகிறவர். காரிலேயே மேப் இருப்பது தேவைதானா என்று நேரடியாகக் கேட்டார்.

மற்ற விற்பனையாளர்கள் ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துவிட்டுக் கையெழுத்து வாங்குவார்கள். அக்கா, வாங்குகிறவர் தினமும் போகும் பாதைக்கே வண்டியை விடச் சொல்வாள். நர்ஸோடு கல்குவாரி மேட்டுக்குப் போனாள். அங்கே போனில் சிக்னல் போய்விட்டது. ஆனால் அக்கா கிளம்பும்போதே நர்ஸின் போனில் மேப்பை இறக்கி வைத்திருந்தாள். அது அசராமல் வழி காட்டியது.

"உங்களுக்கு இது வேண்டாம், சிஸ்டர். போனே போதும்," என்றாள்.

நர்ஸ் சாதாரண மாடலை புக் செய்துவிட்டுப் போனார். வண்டி வர ஐந்து வாரம் ஆகும். விஷயம் தெரிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் தலையில் நீயே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாயே என்று திட்டினேன். நோயாளியைப் பார்க்கப் போகிறவரிடம் பொய் சொல்லிவிட்டு எப்படிச் சோறு இறங்கும் என்று கேட்டாள். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

மாதத்தின் கடைசி நாள். மூன்றாவது வண்டி விற்கவில்லை. மதியமே மேஜை டிராயரைக் காலி செய்து, சீப்பு, டப்பா, பேனாக்களைப் பையில் போட்டுவிட்டாள். அப்போதுதான் நர்ஸ் உள்ளே வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"நீங்க சொன்னது தப்பு மேடம். ரெண்டு வாரமா என் பழைய வண்டியில போன் மேப்பை வச்சு ஓட்டிப் பாத்தேன். வழியெல்லாம் யாராவது கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க. மருந்து தீந்துபோச்சு, எப்ப வருவீங்கன்னு. போன் வந்தா மேப் மறைஞ்சுடுது. நேத்து திருப்பத்தை விட்டுட்டு எங்கயோ போயிட்டேன். பாவம், ஒரு பெரியவர் கட்டு நனைஞ்சு உக்காந்திருந்தாரு."

சிக்னல், ரோடு, மேடு என்று எல்லாம் விசாரித்த அக்கா அந்த ஒன்றைக் கேட்கவில்லை.

"தப்புதான் சிஸ்டர்," என்றாள்.

"மூணு ஷோரூம் ஏறி இறங்கினேன். வேண்டாம்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான். இப்ப சொல்லுங்க, வேணுமா?"

"வேணும்."

புக்கிங் தாளை உயர்ந்த மாடலுக்கு மாற்றி எழுதினாள். பிறகு சீப்பையும் டப்பாவையும் பேனாக்களையும் டிராயரில் திரும்ப அடுக்கினாள்.

இப்போதெல்லாம் யார் வந்தாலும், ஓட்டும்போது எத்தனை போன் வரும் என்றுதான் முதலில் கேட்கிறாள். போன வாரம் நான் கார் வாங்கப் போனேன். என்னிடம் அதைக்கூடக் கேட்கவில்லை.

"உனக்கு வேண்டாம்டா," என்றாள். "உன்னை யார் கூப்பிடறாங்க, என்னைத் தவிர?"