ஆவணியில் ஏது பனி?

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களில் சிலர், காரியத்தன்று பந்தியில் உட்கார்ந்து, "இந்த வயசுல பனியில ஆடப் போனா இப்படித்தான் ஆகும்" என்று பேசிக்கொண்டார்கள். என் காதில் விழட்டும் என்றே பேசினார்கள். அன்று துக்கத்தில் நான் வாய் திறக்கவில்லை. இன்று கேட்கிறேன். அக்கா காலமானது ஆவணி மாதம். ஆவணியில் ஏது பனி?

அக்கா பிறந்தது வண்டலூரில். அப்பா ரயில்வே கேட்டில் வேலை பார்த்தார். எனக்கு விவரம் தெரியும் முன்பே அம்மா போய்விட்டதால், எனக்குச் சோறூட்டி வளர்த்தவர் அக்காதான். பள்ளி மைதானத்தில் வளையப்பந்து ஆடிவிட்டு ஓடிவந்து உலை வைப்பார். பிறகு தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலை. ஊராருக்கெல்லாம் இணைப்புக் கொடுத்தபடி ஓய்வு பெறும்வரை உட்கார்ந்தே கழித்தார். மகளைப் புனேயில் கட்டிக்கொடுத்தார். அத்தான் காலமான பின்னும் சேலையூர் அடுக்ககத்தில் தனியாகவே இருந்தார்.

புதிய நூற்றாண்டு பிறந்து மூன்று நான்கு வருடம் இருக்கும். மழை முடிந்து பனி தொடங்கினால் அந்த அடுக்ககத்தில் வயதானவர்கள் யாரும் கண்ணில் படமாட்டார்கள். குல்லாயை மாட்டி, டிவி முன்னால் உட்காரவைத்து, ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுவார்கள். இதற்குப் பெயர் பராமரிப்பாம். எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற கணக்காளர் ஒருவர் கார்த்திகையில் நாற்காலியில் உட்கார்ந்தவர், பொங்கலன்று எழுந்திருக்க இரண்டு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. அக்கா அதைப் பார்த்தார்.

அடுத்த மார்கழியில் ஒரு வலையும் ரப்பர் வளையமும் வாங்கி வந்து மொட்டை மாடியில் கட்டினார். பனி விலகி வெயில் ஏறிய பிறகுதான் ஆட்டம். முடிந்தவர்கள் நின்று எறிவார்கள். முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடி வளையத்தைக் கைமாற்றிப் போடுவார்கள். தூறல் விழுந்தால் கீழே கார் நிறுத்துமிடத்தில் அந்தாக்ஷரி. கணக்காளர் ஒரே வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகப் படியேறி வந்தார்.

பிள்ளைகளுக்கு இது பொறுக்கவில்லை. பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம் போய் மாடியைப் பூட்டச் சொன்னார்கள். அவரும் பூட்டினார். கூட்டத்தில் அக்கா காரணம் கேட்டதற்கு, யாராவது விழுந்து வைத்தால் யார் பொறுப்பு என்றார். வயதானவர்கள் வீட்டில் ரெஸ்ட் எடுப்பதுதான் சேஃப்டி என்றார். சுற்றியிருந்த படித்த பிள்ளைகள் தலையாட்டினார்கள். அக்காவுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"எங்க காலு எங்களுது சார். அதுக்கு நீங்க பூட்டு போட முடியாது."

மறுநாள் முதல் வீடு வீடாகப் போனார். பிள்ளைகள் எதிரிலேயே, "வர்றீங்களா, இல்லையா? உங்க வாயால சொல்லுங்க" என்று பெரியவர்களைக் கேட்டார். பலர் மகன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். கணக்காளர் மட்டும் வருகிறேன் என்றார். கடைசியாகச் செயலாளர் வீடு. அம்மாவுக்கு முட்டி வலி, அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று அவர் வாசலிலேயே மறித்தார். உள்ளேயிருந்து அவருடைய தாயார் குரல் வந்தது.

"முட்டி வலிக்குதுன்னு நான் உன்கிட்ட சொன்னேனாடா?"

சொன்னவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பொங்கலுக்குள் மாடி திறந்தது. தரையைப் பார்த்தவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். அதன்பின் அக்கா இருந்தவரை எந்தப் பனிக்காலத்திலும் ஆட்டம் நிற்கவில்லை.

அக்காவுக்கு இதயக் கோளாறு வெகுநாளாக இருந்தது. நடமாட்டத்தை விடக் கூடாது என்பதுதான் மருத்துவர் சொன்ன யோசனை. பந்தியில் பேசியவர்கள் இதையும் தெரிந்துகொள்ளட்டும். கடைசி நாட்களில் தாம்பரத்தில் மருத்துவமனையில் இருந்தபோது, வராந்தாவில் கொஞ்சம் நடக்க விடச் சொல்லடா என்று என்னிடம் கேட்டபடி இருந்தார். அவர் நினைவு தப்பும்வரை அது ஒன்றுதான் கேட்டார்.

துக்க நாட்களில் எங்களுக்கு அடுப்பு மூட்டும் வேலை வைக்காமல் காபியும் சாப்பாடும் கொடுத்தனுப்பிய அடுக்ககத்துப் பெண்களுக்கு நன்றி. கடைசிவரை கவனித்த மருத்துவருக்கு நன்றி. இளையவர்கள் நாற்காலி தேடியபோது, அக்காவை எடுக்கும்வரை நின்றுகொண்டே இருந்த கணக்காளர் ஐயாவுக்கு நன்றி. செயலாளரின் தாயாருக்கு எங்கள் குடும்பத்தின் வணக்கம். மாடியில் வலை கட்டுவதும் மடித்து வைப்பதும் இப்போது அவர்தான்.

பூட்டியவருக்கும் ஒரு வரி நன்றி எழுதிவிடுங்கள் மாமா, பெருந்தன்மையாக இருக்கும் என்று அக்காவின் மகள் போனில் சொன்னாள். இரண்டு நாள் யோசித்தேன். எழுதவில்லை.

அக்காவின் தம்பி,
கோவிலம்பாக்கம்