ஜன்னல் சுவரும் எதிர்ச்சுவரும்

ஏணியக்கா என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் இல்லை. அவர் கணவர்தான் முதலில் பெயின்டர். உயரம் ஏறினால் அவருக்குத் தலைசுற்றும். பதினெட்டு வருஷத்துக்கு முன் ஒருநாள், "நீங்க ஏணியைப் பிடிங்க, போதும்" என்று பிரஷைப் பிடுங்கிக்கொண்டு ஏறியவர்தான் அக்கா.

ஓய்வுபெற்ற தபால்காரர் வீட்டு முன்னறையில் அவருக்கு ஒரு சோதனை வந்தது. இரண்டு சுவர் வெள்ளை, இரண்டு சுவர் பச்சை என்பதுவரை தகராறு இல்லை. எந்தப் பச்சை என்பதில்தான் வில்லங்கம். தபால்காரர் 'காலைப் பனி' என்ற பச்சை பெயின்ட் டப்பா வாங்கி வந்திருந்தார். அவர் மனைவி, சொல்லாமல் கொள்ளாமல், 'மௌனத் தோட்டம்' வாங்கி வந்துவிட்டார். அவருடையதில் ஒரு துளி மஞ்சள் கூடுதல், மனைவியுடையதில் ஒரு துளி சாம்பல் கூடுதல். அவ்வளவுதான் வித்தியாசம்.

"உன்னோடது பாசி பிடிச்ச தொட்டி மாதிரி இருக்கு."

"உங்களோடது காய்ச்சல்காரன் மூஞ்சி மாதிரி இருக்கு."

இரண்டு நாள் பிரஷ் நனையவில்லை. மூன்றாம் நாள் அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஆளுக்கொரு சுவர் அடிச்சுடறேன். வெயில் விழற எதிர்ச்சுவர் ஐயாவுக்கு, ஜன்னல் சுவர் அம்மாவுக்கு. சாயங்காலம் வந்து பாருங்க."

கதவைச் சாத்தினார். கைக்கு முதலில் அகப்பட்டது 'காலைப் பனி'. அதையே இரண்டு சுவருக்கும் அடித்தார். கீழே ஏணியைப் பிடித்திருந்த கணவர் வாயைத் திறக்கப் போனார். அக்கா மேலிருந்து பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

சாயங்காலம் எதிர்ச்சுவர் வெயிலில் மஞ்சளடித்தது. ஜன்னல் சுவர் நிழலில் சாம்பல் பூத்து நின்றது.

"பாத்தியா, என் சுவர்ல ஒரு உயிர் இருக்கு," என்றார் தபால்காரர்.

"கண்ணைக் குத்துது. என்னோடது எவ்வளவு குளுமையா இருக்கு பாருங்க," என்றார் மனைவி.

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு பிரஷ் கழுவப் போனார். பின்னாலேயே டீயோடு வந்தார் அந்த அம்மா.

"என் டப்பா மூடியைத் திறக்கவே இல்லையே நீங்க?"

அக்காவுக்கு டீ புரையேறியது.

"பதறாதீங்க. அவரோட பச்சைதான் நல்லா இருக்கு," என்றார் அந்த அம்மா, குரலைத் தாழ்த்தி. "அவர் காதுல மட்டும் போட்டுடாதீங்க. அப்புறம் வீட்ல குடியிருக்க முடியாது."