கோப்பையை விட்டுக்கொடுத்த மேனேஜருக்கு அரவேணுவில் ஒரு நினைவு ஆட்டம்

போன நவம்பரில் ஒரு சனிக்கிழமை அரவேணுவுக்குப் போய் வந்தேன். சுற்றுலாவுக்கு இல்லை. நான் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டின் கால்பந்துக் குழுவுக்குப் பதினான்கு ஆண்டுகள் மேனேஜராக இருந்த ராஜமாணிக்கம் செப்டம்பரில் இறந்துவிட்டார். ரசிகர்கள் சேர்ந்து அவருக்கு ஒரு நினைவு ஆட்டம் நடத்துகிறார்கள் என்று ஊர் வாட்ஸப் குழுவில் செய்தி வந்தது. யாரும் என்னை நேரில் அழைக்கவில்லை. அதில் இருக்கும் நூற்றுச் சொச்சம் பேருக்குப் போன செய்தி எனக்கும் வந்தது, அவ்வளவுதான். எஸ்டேட் மேனேஜரை எங்கள் ஊரில் 'துரை' என்றுதான் சொல்வார்கள். ராஜமாணிக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து எடை போடுகிறவர். பந்து விஷயத்தில் மட்டும் மேனேஜர்.

கோவையில் காலை ஏழே காலுக்குப் பேருந்து ஏறினேன். மேட்டுப்பாளையம் வரை முப்பத்தைந்து கிலோமீட்டர், முப்பது ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். சொந்தக் காரில் போகிறவர்கள் நீலகிரிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். அரசுப் பேருந்தில் போனால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்வார்கள். என்னுடையதைப் பிடுங்கினார்கள். எனக்கு முன் வரிசையில் இருந்தவரின் பையில் மூன்று பாட்டில் இருந்தது, அதை யாரும் பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் எல்லா வரிசையிலும் இப்படித்தான் நடக்கிறது.

மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி வண்டி ஒன்பது ஐம்பதுக்குத்தான் கிளம்பியது. அரவேணு வரை முப்பத்தெட்டு ரூபாய். வலது பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தால் பள்ளத்தாக்கு தெரியும் என்று பயண வழிகாட்டிகள் எழுதுகிறார்கள். எனக்கு வலது பக்கம் ஒரு முட்டைக்கோஸ் மூட்டைதான் தெரிந்தது. பதினொன்றரைக்கு இறங்கினேன். வெயில் இருந்தும் ஸ்வெட்டர் தேவைப்பட்டது.

பேருந்து நிறுத்தத்திலேயே ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். நடுவில் ராஜமாணிக்கத்தின் பாஸ்போர்ட் அளவு படம். சுற்றிலும் பதினான்கு பேர், கூப்பிய கைகளோடு, அவரைவிடப் பெரிதாக. 'என்றும் உங்களோடு நின்ற ரசிகர்கள்' என்று போட்டிருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன். அந்தப் பதினான்கில் ஒன்பது பேர் என் பைக்குள் இருந்தார்கள்.

என்னவென்று சொல்லிவிடுகிறேன். அந்த மைதானம் மலை விளிம்பில் இருக்கிறது. கிழக்குக் கோட்டைத் தாண்டினால் பதினைந்தடிச் சரிவு, கீழே தேயிலைச் செடிகள், அதற்கும் கீழே ஓடை. மதியம் மூன்று மணிக்கு மேல் மஞ்சு என்கிற மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது. ராஜமாணிக்கம் அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார். மஞ்சு இறங்கியதும் கோட்டுக்கு வெளியே நின்று "நம்பர்!" என்று கத்துவார். ஆட்டக்காரர்கள் ஓடிக்கொண்டே ஒன்று முதல் பதினொன்று வரை அவரவர் சட்டை எண்ணைக் கத்த வேண்டும். ரசிகர்களும் சேர்ந்து எண்ணுவோம். ஓர் எண் வராவிட்டால், பந்து எங்கே இருந்தாலும் எங்கள் குழு நின்றுவிடும். ஆளைக் கண்டுபிடித்த பிறகுதான் ஆட்டம். வெளியூர்க் குழுக்கள் சிரிப்பார்கள். எங்களுக்கு அதில் ஒரு பெருமை.

இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் குன்னூர்க் குழுவோடு இறுதி ஆட்டம். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று நாங்கள் முன்னிலை. எட்டு நிமிடம் பாக்கி. மஞ்சு இறங்கியது. எண்ணிக்கையில் ஆறு வரவில்லை. ராஜமாணிக்கம் குழுவை வெளியே அழைத்துவிட்டார். நடுவர் ஐந்து நிமிடம் பொறுத்தார், பிறகு ஆடுங்கள் என்றார். இவர் மறுத்தார். கோப்பை குன்னூருக்குப் போனது. ஆறாம் எண் அந்தோணி, சரிவில் வழுக்கி விழுந்து, செடிகளுக்குள் ஒற்றைக்கால் பூட்ஸைத் தேடிக்கொண்டிருந்தான். முழங்காலில் ஒரு சிராய்ப்பு. மற்றபடி ஒன்றும் இல்லை.

ஒரு பூட்ஸுக்காகக் கோப்பை. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. எம்.ஏ. முடித்து வேலையில்லாமல் இருந்தேன், ரசிகர் மன்றச் செயலாளராகவும் இருந்தேன். ராஜமாணிக்கத்தை நீக்கச் சொல்லி எஸ்டேட் விளையாட்டுக் கமிட்டிக்கு மனு எழுதினேன். நாற்பத்தொரு கையெழுத்து. அவரை நீக்கினார்கள். அதன் பிறகு அவர் மைதானத்துக்குள் கால் வைக்கவில்லை. எல்லா ஆட்டத்தையும் ரோட்டில் நின்றே பார்த்தார். இரண்டு வருடத்தில் ஊரே மனம் மாறி, அவர் செய்ததுதான் சரி என்றது. மாறியபோது மற்ற நாற்பது பேரும் தங்கள் கையெழுத்தை மறந்துவிட்டார்கள், என்னுடையதை மட்டும் மறக்கவில்லை. அதற்குள் நான் ஆசிரியர் வேலைக்குப் போயிருந்ததால் 'வாத்தியார் எழுதின மனு' என்று அதற்குப் பெயர் வந்தது. ஊருக்குப் போகும்போதெல்லாம் இதைக் கேட்டு அலுத்துத்தான் போவதையே விட்டேன். இந்த முறை மனுவின் நகலைப் பையில் வைத்திருந்தேன். கூட்டத்தில் நாற்பத்தொரு பெயரையும் வாசித்துவிட்டு வருவதாகத் திட்டம்.

டீக்கடையில் செல்வராஜ் இருந்தார். ஃபிளெக்ஸில் முதல் முகம், மனுவில் இரண்டாம் கையெழுத்து.

"ஏனுங்க வாத்தியாரே, வழி தெரிஞ்சுதுங்களா?" என்றார்.

"ஃபிளெக்ஸ்ல உங்க மூஞ்சி இருக்கும்போது வழி எப்படித் தப்பும்?"

"அட, அது ஃபிளெக்ஸ்காரன் பண்ணுன வேலைங்க. நாங்க சின்னதாத்தான் போடச் சொன்னோம். டீ குடிங்க. மனுவெல்லாம் ஒண்ணும் எழுத வேண்டாம், சும்மாவே வாங்கித் தர்றேன்."

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அதில் மூன்று பேர் கையெழுத்துப் போட்டவர்கள்.

டீக்கடையிலிருந்து மைதானம் ஒன்றரைக் கிலோமீட்டர் ஏற்றம். ஜீப்புக்கு நூற்றைம்பது கேட்டார்கள். நடந்தேன், நாற்பது நிமிடம் ஆனது. ஐம்பதைத் தாண்டியவர்கள் ஜீப்பிலேயே போங்கள். இரண்டரை மணிக்குப் பழைய ஆட்டக்காரர்களும் இப்போதைய பையன்களும் மோதினார்கள். பாதிக்கு இருபது நிமிடம். பழைய ஆட்கள் தொந்தியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதை எழுதிப் புண்ணியமில்லை. அந்தோணியும் ஆறாம் எண் சட்டையில் இறங்கியிருந்தார். சர்க்கரை இருக்கிறது, போன வருடம் இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள், ஆட வேண்டாம் என்று வீட்டில் சொல்லியும் கேட்கவில்லை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

மூன்று பத்துக்கு மஞ்சு இறங்கியது. எதிர்க் கோல் கம்பம் போனது, பிறகு நடுக்கோடு போனது. யாரோ ஒரு கிழவர் விளையாட்டாக "நம்பர்!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். உள்ளே இருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று மூச்சிரைக்கும் குரல்கள் வந்தன. நாங்களும் எண்ணினோம். ஐந்து வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை.

"ஆறு!" என்றார் செல்வராஜ். பதில் இல்லை. "டேய் அந்தோணி, ஆறு!"

சிரிப்பு நின்றுவிட்டது. பந்தை உதைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பையன்களுக்கு இந்த வழக்கம் தெரியாது. கிழக்குப் பக்கம் ஏதோ சரிவது போல எனக்குத் தோன்றியது.

"நிறுத்துங்கடா ஆட்டத்த!"

அப்படிக் கத்தியது நான். இரண்டாம் முறையும் கத்தினேன். முழங்கால் வலியோடு கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினேன், கிழக்குச் சரிவை நோக்கி. பின்னால் இன்னும் பத்துப் பேர் ஓடி வந்தார்கள். விளிம்புக்கு ஐந்தடி முன்னால், கொடிக் கம்பத்தடியில் அந்தோணி சப்பணம் போட்டு உட்கார்ந்து ஃபோன் பேசிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்காரிங்க," என்றார் என்னைப் பார்த்து. "மாத்திரை போட்டாச்சான்னு கேக்குறா. ஃபோன எடுக்கலேன்னா இங்கயே வந்துருவா."

பத்துப் பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செல்வராஜ் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கியபடி என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க வாத்தியாரே, இன்னும் எட்டு நிமிஷம் ஆட விட்டிருக்கலாமுங்களே?"

அந்த மனிதரிடம் இதுவரை எனக்குப் பிடித்த ஒரே பேச்சு அதுதான்.

நான்கு மணிக்குக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலியில் படம், சாமந்தி மாலை. ஆறு பேர் பேசினார்கள். ஆறு பேரும் கடைசிவரை மேனேஜர் பக்கம் நின்றதாகச் சொன்னார்கள். முன் வரிசையில் ராஜமாணிக்கத்தின் மகள் கலா எதையும் காட்டிக்கொள்ளாமல் கேட்டுக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் நகலை எடுத்தேன். கூட்டத்தில் சிலர் செருப்பைப் பார்த்தார்கள், சிலர் மலையைப் பார்த்தார்கள். முதல் வரியை வாசித்தேன்: "மேற்படி நபர் ஒரு குழுவை நடத்தத் தகுதியற்றவர்." பிறகு, "இதை எழுதியவன் நான். முதல் கையெழுத்தும் என்னுடையது. எழுதியது தப்பு" என்றேன். மற்ற நாற்பது பெயரையும் வாசிக்கவில்லை. பெருந்தன்மை என்று யாரும் நினைக்க வேண்டாம். கத்தியதில் தொண்டை கட்டியிருந்தது, களைப்பாகவும் இருந்தது. வேறு யாராவது எழுந்து நானும் போட்டேன் என்பார்கள் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். யாரும் எழவில்லை.

கலாவே எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தார்.

"அப்பாவுக்கு என் மேல கோபம் இருந்ததாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லாம எப்படிங்க? மாசத்துக்கு ஒருக்காவாவது ஒங்கள நல்லாத் திட்டுவாரு. படிச்ச திமிரும்பாரு." சிரித்தார். "கடைசி ஆறு மாசம் ஞாபகமே இல்லீங்க. செல்வராஜ் மாமா வந்தா யாருன்னே தெரியல. என் பேரே மறந்து போச்சு. ஒங்களத் திட்டுறது மட்டும் நிக்கல. அஞ்சே காலுக்கு வண்டிங்க, டீ ஆறுது பாருங்க."

ஒருவர் மேல் வைத்த வன்மத்தை விடாமல் வைத்திருப்பது எவ்வளவு உழைப்பு என்று எனக்குத் தெரியும். எனக்காக அந்த உழைப்பை இருபத்தொன்பது ஆண்டுகள் ஒருவர் செய்திருக்கிறார். டீயைக் குடித்தேன்.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஊட்டிக்கும் குன்னூருக்கும் போகும் கூட்டம் இங்கே இல்லை, அதனாலேயே கழிப்பறையும் இல்லை. ஸ்டீல் பாட்டில் கொண்டுபோங்கள். மதியச் சாப்பாடு எண்பது ரூபாய், ரசம் நன்றாக இருந்தது. மைதானத்தின் கிழக்கு விளிம்பில் வேலி கிடையாது, மூன்று மணிக்கு மேல் அந்தப் பக்கம் படம் எடுக்கப் போகாதீர்கள். நினைவு ஆட்டத்தை இனி வருடா வருடம் நடத்தப் போகிறார்களாம். அதற்குப் பார்வையாளராகப் போவதானால் சனிக்கிழமை ஒரு நாள் போதும்.

என்னை வண்டி ஏற்றிவிட செல்வராஜ் நிறுத்தம் வரை வந்தார். பையை வாங்கி மேலே வைத்தார். வண்டி நகரும்போது ஜன்னலோரம் வந்து, வேறு யாருக்கும் கேட்காத குரலில், "ரெண்டாவது கையெழுத்து என்னுதுங்க," என்றார். தெரியும் என்றேன். வண்டி கிளம்பிவிட்டது. மேட்டுப்பாளையம் வந்து சேர ஆறரை ஆனது.